சீதன வீடு கேட்ட ஜின்

கல்முனைக்குடியில் ஒரு சுவர் அழுதது.

மனிதர்கள் அழுதால் ஏனென்று கேட்க ஆளில்லாத ஊர்தான். சூறாவளியில் கூரை பறிகொடுத்தவன் நடுத்தெருவில் நின்று அழுதபோது, அவனுடைய சொந்த மச்சானே சைக்கிளை மற்றத் தெருவால் திருப்பிக்கொண்டு போனான். ஆனால் இப்போது அழுதது சுவர் அல்லவா! பாலமுனை மீன்காரர்கள் தோணியைக் கரையில் இழுத்துப் போட்டுவிட்டு வந்தார்கள். வரிப்பத்தான்சேனையிலிருந்து டிராக்டர் பெட்டியில் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். வீரமுனையிலிருந்து வேலப்போடியார் மாட்டுவண்டி பூட்டி, மனைவி அன்னப்பிள்ளையையும் வெற்றிலைத் தட்டத்தையும் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். பள்ளியும் கோயிலும் வேறாக இருக்கலாம். ஏமாறப் போகிற இடத்தில் இந்தக் கரையோரத்து மக்கள் என்றைக்கும் ஒற்றுமைதான்.

அழுத சுவர், நெல் வியாபாரி மீராசாஹிபுவின் புது வீட்டில், மகள் றம்ஸியாவுக்கென்று கட்டிய மணவறையில் இருந்தது. பின்னேரத்து அஸர் தொழுகை முடிந்த கொஞ்ச நேரத்தில் சுவரில் ஈரம் படரும். பிறகு துளி துளியாக இறங்கும். வியாழன் மாலை, அதாவது வெள்ளி இரவு பிறக்கும் நேரம், தாரை தாரையாக ஓடும். "வெள்ளி இரவுக்கு அதிகமா அழுகுதே, இது சும்மா சுவரா?" என்று கேட்டார்கள். வெள்ளிக்கிழமைக் குளிப்புக்காக அந்த வீட்டில் வியாழன் மாலை தண்ணீர் அதிகம் ஏற்றுவார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். தெரிந்ததை வைத்து யோசிப்பது வேறு வேலை.

ஈரக்கறை ஒரு பெண் முக்காடு போட்டு நிற்பது போல இருந்தது என்றார்கள். அன்னப்பிள்ளைக்கு அதில் அம்மன் தெரிந்தாள். போன தேர்தலில் கட்டுப்பணம் இழந்த ஒருவருக்குத் தன்னுடைய சின்னம் தெரிந்தது. 

சுவர்த் தண்ணீரைப் போத்தலில் பிடித்துக் கொடுத்தார்கள். ஊரில் சாராயப் போத்தலுக்குத் தட்டுப்பாடு வந்தது. சாராயமே வாசல் மிதிக்காத வீடுகளிலிருந்தெல்லாம் வெறும் போத்தல் எப்படி வெளியே வந்தது என்று யாரும் கேட்கவில்லை. ஒருவர் அந்தத் தண்ணீரை வழுக்கைத் தலையில் தடவினார். ஒருவர் கறக்காத மாட்டுக்குக் கொடுத்தார். ஒரு லொறிக்காரர், சூடேறி நின்ற லொறியின் ரேடியேட்டரில் ஊற்றினார்; லொறி ஓடியது! ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றினால் லொறி ஓடும் என்ற அதிசயத்தை அவர் சாய்ந்தமருது வரை சொல்லிக்கொண்டு போனார். குடித்தவர்களுக்கு வயிற்றால் போனது. சுவரில் அடித்த சுண்ணாம்பைக் கரைத்துக் குடித்தால் போகாமல் என்ன செய்யும்? "உள்ளுக்க கிடந்த செய்வினை வெளிய போகுது" என்று விளக்கம் வந்தது.

இனி, சுவர் அழத் தொடங்கிய கதை.

எழுபத்தெட்டுச் சூறாவளி பழைய ஓட்டு வீட்டைக் கொண்டுபோனதும், மீராசாஹிபு வைராக்கியமாகக் கல்வீடு கட்டினார். கட்டித்தான் ஆகவேண்டும். இந்தப் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு இருந்தால்தான் மாப்பிள்ளை. கலியாணம் முடிந்ததும் மாப்பிள்ளை பெண்வீட்டில் வந்து குடியேறுவார். கட்டுவது கட்டுகிறோம், தெருவில் யாருக்கும் இல்லாததாக ஒன்று இருக்கட்டும் என்று, குளிப்பறைக்கு மேலே கொங்கிறீட்டில் ஒரு தண்ணீர்த் தாங்கியும் கட்டினார். கிணற்றில் மோட்டர். பைப்பைத் திருகினால் தண்ணீர் வரும். தெருப் பெண்கள் வந்து திருகிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

தாங்கி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வெளியேற வேண்டுமே. மேசன் கனகரெத்தினம் அதற்கொரு பைப்பை மணவறைச் சுவருக்குள்ளால் இறக்கி, முன் முற்றத்தைப் பார்த்தபடி வாயை விட்டிருந்தார். முற்றத்தில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டால் மோட்டரை நிறுத்த வேண்டும். அவ்வளவுதான் அதன் வேலை.

மாப்பிள்ளை ஹமீடின் தாய் சபியா உம்மா வீடு பார்க்க வந்தார். எல்லாம் பார்த்தார். முற்றத்தில் நின்று திரும்பிப் பார்த்துவிட்டு, அண்ணனை அழைப்பது போல மீராசாஹிபுவைக் கேட்டார்.

"என்ன காக்கா, முகப்புச் சுவருல மூக்கு ஒழுகிற மாதிரி ஒரு பைப்பு?"

மீராசாஹிபுவின் முகம் செத்துப்போனது. சபியா உம்மா படி இறங்கிப் போனதும், மேசனைக்கூடக் கூப்பிடாமல் தானே ஒரு கை சீமெந்து குழைத்து அந்தப் பைப்பின் வாயை அடைத்தார். மேலே வெள்ளையும் அடித்தார். சுவர் அழகாகிவிட்டது. இதை இப்போதே சொல்லிவைக்கிறேன். ஊரில் ஒருவரும் இதை நினைத்துப் பார்க்கவில்லை, நீங்களாவது மறந்துவிடாதீர்கள்.

அடுத்த நாள் மாலை சுவர் அழுதது.

முதலில் கண்டது றம்ஸியாவின் தாய் சரீபா. கத்திய கத்தலில் தெரு கூடியது. பள்ளிவாசல் மௌலவி வந்தார், சுவரைத் தொட்டுப் பார்த்தார், "மேசனைக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இவ்வளவு சின்ன மருந்து சொல்கிற ஆளை யார் மதிப்பார்கள்? பெரிய மருந்து சொல்லும் ஆளைத் தேடினார்கள். தேடும் முன்பே வந்து சேர்ந்தார் பக்கீர் முகைதீன் பாவா.

எந்த ஊர் என்று கேட்டால் பாவா வானத்தைக் காட்டுவார். நெஞ்சு வரைக்கும் பால் போன்ற தாடி. பின்னால் சாம்பிராணிச் சட்டியோடு அபூசாலி என்ற சீடன். பாவா மணவறைக்குள் போய்ச் சுவரில் காதை வைத்தார், கண்ணை மூடினார். வெளியே கூட்டம் மூச்சு விடவில்லை.

"குமர் ஒண்டு அழுகுது" என்றார்.

சரீபா பதறினாள். "எங்கட குமரா, பாவா?"

"உங்கட குமர் இல்ல. ஜின் குமர். முந்நூறு வருசமாக் கலியாணம் முடியாம இரிக்கி."

"ஏன் பாவா, வடிவு இல்லயா?"

"வடிவுக்கு என்ன குறை! சீதன வீடு இல்ல."

கூட்டத்தில் இருந்த தாய்மார்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். "அல்லாஹ்வே, அவங்களுக்குள்ளயுமா இந்தக் கொடும?" என்று ஒருத்தி விம்மினாள். அவளுக்கு நான்கு ஆண்பிள்ளைகள். நான்கு பேருக்கும் வீடு பேசித்தான் கலியாணம் முடித்திருந்தாள்.

பாவா கெட்டிக்காரர் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். வேறு ஊரில் போய் இதைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். இந்த ஊரிலே குமர், அதாவது கல்யாணமாகாத பெண், என்றால் வீடில்லாத பெண் என்று பொருள். அது மனிதருக்குள் நடப்பது அநியாயம் என்று ஒருவரும் வாய் திறந்ததில்லை. ஜின்னுக்குள்ளும் நடக்கிறதாம் என்று கேட்டதும் ஊரே உருகிவிட்டது.

பாவா மணவறையிலேயே குடியேறினார். ஜின் குமருக்கு நாட்டுக்கோழி ஆணம் பிடிக்கும் என்றார். எருமைத் தயிரும் சீனியும் பிடிக்கும் என்றார். ஜின் வாசம் மட்டும்தான் பிடிக்குமாம், கோழியைத் தொடாதாம். ஜின் தொடாததைப் பாவா தொட்டார். மற்ற நாள்களில் குளிக்காமலே சுத்தமாக இருந்த அவர் வெள்ளி இரவுக்கு மட்டும் குளித்தார். 

"தாங்கி நிறைய நிறையத் தண்ணி வேணும். மோட்டரை அபூசாலிதான் போடணும். மோட்டர்க் கொட்டில் பக்கம் பொம்புளயள் தலை காட்டேலா" என்று கட்டளையிட்டார்.

ஒருநாள் பகல் முழுக்கக் கரண்ட் இல்லை. அன்றைக்குச் சுவர் காய்ந்து கிடந்தது. சம்மாந்துறையிலிருந்து போத்தலோடு வந்தவர்கள் வாடிப்போனார்கள்.

"குமர் இண்டைக்கி உறவுக்காரர்ட வீட்டுக்குப் போயிட்டா" என்றார் பாவா.

"ஓ, அப்பிடியா" என்று கூட்டம் தலையாட்டிக் கலைந்தது. 

றம்ஸியா மட்டும் அடுப்படியில் நின்று தாயைக் கேட்டாள்.

"உம்மா, ஜின்னுக்கும் கரண்ட் வேணுமா?"

"வாயை மூடு புள்ள. கேட்டிரும்."

"ஆருக்கு? பாவாவுக்கா, ஜின்னுக்கா?"

சரீபா அகப்பையை ஓங்கினாள். 

சும்மா இருந்திருந்தால் பாவா கோழியோடு போயிருப்பார். ஆனால் போத்தலும் கூட்டமும் பெருகப் பெருக அவருக்குப் பசியும் பெருகியது. ஒருநாள் மீராசாஹிபுவை உள்ளே அழைத்தார்.

"இந்தக் குமர் இரிக்கிற வீட்டுல இன்னொரு குமருக்குக் கலியாணம் நடந்தா மாப்புள தங்கமாட்டான். மூணாம் நாள் மௌத்து. வேணுமெண்டா செய்ங்க."

"அப்ப என்ன பாவா செய்யிற?"

"வீட்ட அவட பேருக்கு எழுதிக் குடுங்க. வீடு கிடைச்சா மாப்புள கிடைப்பான். மாப்புள கிடைச்சா அழ மாட்டா."

மீராசாஹிபு நெல் மூட்டையில் கை விட்டாலே பதர் எவ்வளவு என்று சொல்லிவிடுகிற ஆள். ஆனால் பாவாவின் வாயிலிருந்து வந்ததில் பதர் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. மகளின் மாப்பிள்ளை செத்துவிடுவான் என்ற பயம் அவரைத் தின்றது. 

விஷயம் கேள்விப்பட்டு சபியா உம்மா வந்தார். உள்ளே வரவில்லை, வேலியோடு நின்றார்.

"என்ட புள்ளய ஜின்னுக்குப் பக்கத்துல படுக்கவைக்க ஏலாது காக்கா. வேற வீடு இரிந்தாச் சொல்லுங்க, கலியாணம் நடக்கட்டும். இல்லாட்டி விடுங்க."

வேறு வீட்டுக்கு மீராசாஹிபு எங்கே போவார்? ஹமீட் தாயின் பின்னால் கைலேஞ்சியால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு நின்றான். சங்கக் கடையில் வேலை செய்யும் நல்ல பையன். மனது றம்ஸியாவின் பக்கம், கால் ஓடுகிற பக்கம்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் வீட்டு உறுதிப்பத்திரம் எழுதுவதென்று முடிவானது. விவரம் கேட்க, பத்திரம் எழுதும் நொத்தாரிசு காலிதீன் முன்கூட்டியே வந்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"வாங்குறவர்ட பேர்?"

"ஜின் குமர்" என்றார் பாவா.

"தகப்பன்?"

"மௌத்தாகிட்டார்."

"அடையாள அட்டை இலக்கம்?"

பாவா முறைத்தார். நொத்தாரிசு அசையவில்லை. அவருக்கு ஜின் என்றாலும் ஒன்றுதான், ஜில்லா நீதவான் என்றாலும் ஒன்றுதான், இலக்கம் வேண்டும். 

"அப்ப அவட சார்புல ஆரு கையெழுத்து வைக்கிற?"

பாவா தொண்டையைச் செருமினார். அடக்கமாக நிலத்தைப் பார்த்தார். "தகப்பன் இல்லாத குமருக்கு ஒரு பொறுப்பாளி வேணும்தானே. நான்தான்."

கதவுச் சீலைக்குப் பின்னால் நின்று றம்ஸியா எல்லாவற்றையும் கேட்டாள். அவள் பிறந்த நாளிலிருந்து வாப்பா அவளுக்காகச் சுமந்த வீடு. அது போனால் கலியாணம் மட்டுமல்ல, இனி ஒரு காலமும் ஒரு கலியாணமும் இல்லை. அவளுக்கு முதலில் அழுகை வந்தது. பிறகு கோபம் வந்தது. கோபம் வந்ததும் அழுகை நின்று யோசனை வந்தது.

மோட்டர் போட்டால் அழுகிறது. கரண்ட் இல்லாவிட்டால் அழவில்லை. மோட்டர்ப் பக்கம் பெண்கள் போகக்கூடாது. அப்படியென்றால் பாவாவின் அற்புதம் இருக்கிற இடம் சுவர் இல்லை, தாங்கி.

இதை அவள் ஓடிப்போய்ச் சொன்னது சாச்சி சுபைறாவிடம். சுபைறா சரீபாவின் தங்கை. உம்மாவின் ஒரே வீடு மூத்தவளுக்குச் சீதனமாகப் போய்விட, இளையவள் நாற்பதை நெருங்கியும் குமராகவே இருந்தாள். மருதமுனையில் உறவுக்காரர் வீட்டு ஒத்தாப்புச் சாய்ப்பில் தறி போட்டுச் சாரன் நெய்து பிழைத்தாள். கலியாண வேலைக்கு உதவ வந்திருந்தாள்.

"நூலுக்குப் போடுற சாயம் கொஞ்சம் தாங்க சாச்சி. தாங்கிக்குள்ள போடுவம். சுவருலயும் அந்த நிறம் வந்தா எல்லாருக்கும் விளங்கும்தானே?"

"விளங்கும் புள்ள" என்று சுபைறாவும் நம்பினாள். பாவம், இரண்டு பேருக்கும் ஊரைப் பற்றி அவ்வளவு நல்லெண்ணம்.

மோட்டருக்குத் தடை போட்ட பாவாவுக்குக் கூரைக்குத் தடை போட மறந்துவிட்டது. முருங்கைக்காய் பறிக்கும் ஏணியைச் சாத்தி, றம்ஸியா குளிப்பறைக் கூரையில் ஏறினாள். தாங்கியின் மூடியை நகர்த்திச் சிவப்புச் சாயத்தைக் கரைத்து ஊற்றினாள். அன்று மாலை சுவர் சிவப்பாக அழுதது.

"ரத்தம்!" என்று ஒருவர் கத்தினார்.

அவ்வளவுதான். விளங்கும் என்று நினைத்தார்களே, நன்றாக விளங்கிவிட்டது! கூட்டம் இரட்டிப்பானது. பெண்கள் மாரில் அடித்துக்கொண்டார்கள். பாவாவுக்கே ஒரு கணம் முகம் வெளிறியது. தன் ஜின் தன்னைக் கேளாமல் ரத்தம் விடுகிறதே! ஆனால் தொழில்காரர் அல்லவா, உடனே சுதாரித்துக்கொண்டார்.

"பாத்தீங்களா! வீடு கிடைக்கப் பிந்துதெண்டு ரத்தக் கண்ணீர் விடுறா. இனியும் பிந்தினா உங்கட பாடு!"

முடிவு பண்ணிய பிறகும் மனதின் ஓரத்தில் தடுமாறிக்கொண்டிருந்த மீராசாஹிபு, அந்தச் சிவப்பைக் கண்டதும் முழுதாகச் சரிந்தார். றம்ஸியா அடுப்படியில் போய்த் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"நிறம் பிழைச்சுப் போச்சு சாச்சி. இவங்கள் ஏற்கனவே நம்புற நிறம் போடக்கூடாது."

"அப்ப பச்சை போடுவமா?"

"பச்சை எண்டா தர்ஹாவுல ஏத்துற வலிமார்ட கொடி எண்டு தலையில வைப்பாங்க."

"மஞ்சள்?"

"வீரமுனை ஆக்கள் அம்மன்ட எண்டு விழுந்து கும்பிடுவாங்க."

"வெள்ளை எண்டா பால் எண்டு குடிப்பானுகள்" என்று சுபைறாவே சொல்லிக்கொண்டாள். கொஞ்சம் யோசித்தாள். "கத்தரிப்பூ நிறம் ஒண்டு இரிக்கி. போன பெருநாளைக்கிச் சாரனுக்குப் போட்டன். ஒரு மனிசன் வாங்கல்ல."

றம்ஸியா எழுந்து சாச்சியைக் கட்டிப்பிடித்தாள். கத்தரிப்பூ நிறத்தில் எந்த வலியுல்லாஹ்வும் கொடி ஏற்றியதில்லை. எந்த அம்மனும் பட்டு உடுத்ததில்லை. 

"இந்த முறை முதல்லயே சொல்லிப்போட்டுத்தான் செய்யணும்" என்றாள்.

வியாழன் மாலை முற்றம் கொள்ளாத கூட்டம். நாளைக்கு வீடு கைமாறுகிறது; ஜின்னின் கடைசி அழுகையைப் பார்க்காமல் விட முடியுமா? வேலப்போடியாரும் அன்னப்பிள்ளையும் முன்வரிசையில் இருந்தார்கள். சபியா உம்மாவும் மகனோடு வேலியோரம் வந்து நின்றார். முகப்பு யன்னலை அகலத் திறந்துவிட்டிருந்ததால் மணவறைச் சுவர் முற்றத்துக்கே தெரிந்தது. பாவா குளிக்கப் போவதற்காகத் தோளில் துவாயோடு வெளியே வந்தார்.

கதவுச் சீலைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. கலியாணப் பெண் கூட்டத்துக்குக் கேட்கக் கதைப்பது வழக்கமில்லை. முற்றமே திரும்பிச் சீலையைப் பார்த்தது.

"வாப்பா, பாவாட்ட ஒரு கேள்வி கேளுங்க. இண்டைக்கி அந்தக் குமர் என்ன நிறத்துல அழுவா?"

மீராசாஹிபு மிரண்டு பாவாவைப் பார்த்தார். பாவா சிரித்தார்.

"ரத்தம்தான் மகள். நேத்தயவிடக் கூட."

"நான் சொல்லுறன், கத்தரிப்பூ நிறத்துல அழுவா."

முற்றமே சிரித்தது. பாவாவும் தாடி குலுங்கச் சிரித்துவிட்டுக் குளிப்பறைக்குள் போனார். அபூசாலி மோட்டரைப் போட்டான். பொழுது மங்கிவிட்டது. குளிப்பறையில் பல்பு எரிந்துபோய் நாள்கள் ஆகியிருந்தன. பாவா கண்ணை இறுக மூடி, ஊருக்குக் கேட்க ஓதிக்கொண்டு, பைப்புக்குக் கீழே நின்று தாராளமாகக் குளித்தார்.

வெளியே வந்து முற்றத்து வெளிச்சத்தில் நின்றார்.

தாடி கத்தரிப்பூ நிறம். புருவம் கத்தரிப்பூ நிறம். காது மடல், மூக்கு நுனி, வெள்ளைத் துவாய் எல்லாம் கத்தரிப்பூ. பாவாவுக்கு மட்டும் அது தெரியாது. கம்பீரமாகக் கையை உயர்த்தி, "குமர் வாறா!" என்றார்.

முதலில் அன்னப்பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ, இஞ்ச பாருங்கப்பா, பாவாவுக்கு என்ன நடந்த?" அதற்குள் மணவறைச் சுவரும் நனைந்தது. ஈரம் படர்ந்து, துளி திரண்டு, கத்தரிப்பூ நிறத்தில் இறங்கியது.

அபூசாலி விடவில்லை. "ஜின் பாவாவைத் தொட்டிட்டா! சுபஹானல்லாஹ்!" என்று கூவினான். நம்புங்கள், நாலைந்து பேர் உடனே கையேந்திவிட்டார்கள். ஒருவர் போத்தலின் மூடியையும் கழற்றினார்.

அப்போதுதான் றம்ஸியா சீலையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். முக்காட்டைச் சரிசெய்தாள். இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். முழங்கை வரை கத்தரிப்பூ நிறம். பின்னால் சுபைறா சாயச் சட்டியோடு நின்றாள்.

"என்னயும் ஜின் தொட்டதா? தாங்கிக்குள்ள சாயம் போட்டது நான். நேத்தைக்கி ரத்தம் போட்டதும் நான்தான். வேலப்போடியார், நீங்க வயலுக்குத் தண்ணி பங்கிட்ட வட்டவிதானையா இரிந்த ஆள். சொல்லுங்க, குளம் நிரம்பினா மிச்சத் தண்ணி எப்பிடிப் போகும்?"

வேலப்போடியார் நிமிர்ந்தார். வயல், குளம் என்றால் அவர் பல்கலைக்கழகம். "கட்டுல விட்ட வான் வழியால பாயும் புள்ள."

"அந்த வானை அடைச்சுப்போட்டு வாய்க்காலால குளத்துக்குள்ள தண்ணி விட்டா?"

"கட்டு உடைஞ்சு ஊருக்க பாயும்!" வேலப்போடியாரோடு சேர்ந்து முற்றம் முழுவதும் சொன்னது. எல்லாரும் வேளாண்மைக்காரர். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம்.

"அப்ப எங்கட தாங்கிக்கு வான் எங்க?"

முற்றம் முகப்புச் சுவரைப் பார்த்தது. அழகான சுவர். வெள்ளை வெளேரென்று, ஒரு ஓட்டை இல்லாமல். மீராசாஹிபு அதைப் பார்த்தார். பிறகு தன் வலக்கையைப் பார்த்தார். சீமெந்து குழைத்த கை. அவருடைய வாய் திறந்தபடி நின்றது.

"அது... அழகில்ல எண்டு..." என்று தொடங்கி வேலிப் பக்கம் பார்த்தார். சபியா உம்மா சட்டென்று வானத்தில் நட்சத்திரம் பார்க்கத் தொடங்கினார்.

மீராசாஹிபு கிணற்றடிக்குப் போய் இரும்பு அலவாங்கைத் தூக்கிக்கொண்டு வந்தார். இந்தச் சந்தடியில் பாவா, தாடியை ஒரு கையால் பொத்திக்கொண்டு சுவரோரமாக நழுவிக்கொண்டிருந்தார். மீராசாஹிபு பைப் இருந்த இடத்தில் ஓங்கி ஒரு குத்துக் குத்தினார். சீமெந்து பெயர்ந்தது. மோட்டர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அடைபட்டுக் கிடந்த தண்ணீரெல்லாம் ஒரே பாய்ச்சலாக வெளியே வந்து, சரியாக அந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருந்த பாவாவின் உச்சந்தலையில் விழுந்தது.

உள்ளே சுவரில் துளி நின்றது. 

கூட்டம் சிரித்த சிரிப்பில் வேலப்போடியாரின் மாடு மிரண்டு வண்டியோடு நகர்ந்தது. அபூசாலி சாம்பிராணிச் சட்டியைப் போட்டுவிட்டு முதலில் ஓடினான். குரு பின்னால் ஓடினார். அன்றைக்குக் கடைசி பஸ்ஸில் போனவர்கள், பின் ஆசனத்தில் ஒரு கத்தரிப்பூத் தாடி ஈரம் சொட்ட உட்கார்ந்திருந்ததாகச் சொன்னார்கள்.

சிரிப்பு அடங்கும் நேரத்தில், பாவா வந்த அன்றைக்கு விம்மிய அந்த நான்கு ஆண்பிள்ளைகளின் தாய் உண்மையான கவலையோடு கேட்டாள்.

"அப்ப அந்தக் குமர்ட கதி? அவளுக்கு வீடு?"

சுபைறா சாயச் சட்டியை நிலத்தில் வைத்தாள்.

"குமர் நான் இரிக்கன் ராத்தா. ஜின் இல்ல, மனிசி. எனக்கும் வீடு இல்ல. முந்நூறு வருசம் இல்ல, என்ட வயசு உங்களுக்கே தெரியும். உங்கட மூத்தவனுக்கு என்னைக் கேட்டு வந்தநேரம், 'வீடு எங்க?' எண்டு கேட்டது நீங்கதான். எனக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டீங்களா?"

போத்தல் வைத்திருந்தவர்கள் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்கள். முகப்புப் பைப்பிலிருந்து தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. "மோட்டரை நிப்பாட்டுங்க வாப்பா" என்றாள் றம்ஸியா.

கலியாணம் நடந்தது. ஹமீட் அந்த வீட்டுக்கு வந்தான். மூன்றாம் நாளும் உயிரோடு இருந்தான், நல்ல பசியோடும் இருந்தான். சபியா உம்மா வந்து போகும்போதெல்லாம் முகப்பில் மூக்கு ஒழுகும் பைப்பைப் பார்ப்பார், வாய் திறப்பதில்லை. சுபைறா மருதமுனைக்குத் திரும்பிப் போனாள், அதே ஒத்தாப்பு, அதே தறி. ஜின்னுக்கு வீடு கொடுக்கத் திரண்ட ஊரில் ஒருவரும் அவளுக்கு ஒரு செங்கல் கொண்டுபோகவில்லை. கத்தரிப்பூச் சாரன் மட்டும் நன்றாக விற்றது. காய்ச்சலுக்கு நல்லதாம்.

உங்கள் வீட்டுச் சுவரும் ஒருநாள் அழலாம். அப்போது உள்ளே இருந்து அழுவது யார் என்று கேட்காதீர்கள், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். அழுவது யார் என்று கேட்டே தீரவேண்டுமென்றால், சுவரை விட்டுத் திரும்பி, பக்கத்தில் நிற்கிற மனிதரின் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள்.